கோல்டு வாட்ச்சில் கோல்டு எவ்வளவு?

எங்கள் கோரிப்பாளையம் பக்கம் பழைய வீடுகளில் பீரோ லாக்கரைத் திறந்தால் மூன்று விஷயம் இருக்கும். பத்திரம், நகை, அப்புறம் ஓடாத ஒரு "கோல்டு வாட்ச்". தாத்தா பினாங்கில் வாங்கியது, சிங்கப்பூர் முதலாளி கொடுத்தது, பெரியப்பா துபாயிலிருந்து கொண்டுவந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. கதை பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். "கோல்டு" என்கிற வார்த்தையில்தான் சிக்கல்.

இந்த வாட்ச்களில் ஒரு தனி ரகம் இருக்கிறது. சாவிக்கு மேலே ஒரு பட்டன், கீழே ஒரு பட்டன். டயலுக்குள் இரண்டு சின்ன வட்டம், சிலவற்றில் மூன்று. இதுதான் கிரோனோகிராஃப். நேரமும் காட்டும், ஸ்டாப் வாட்ச்சாகவும் வேலை செய்யும். உலகம் முழுக்க சேகரிப்பாளர்கள் தேடுகிற ரகம் இது. அதனாலேயே ஏமாற்றும் அதிகம், வீண் ஆசையும் அதிகம், வீண் பயமும் அதிகம்.

தங்க முலாம் பூசிய பழைய கிரோனோகிராஃப் ஒன்று உங்கள் கைக்கு வந்தால் மூன்று கேள்வி கேட்க வேண்டும். இதில் தங்கம் எவ்வளவு? மிஷின் சரியாக இருக்கிறதா? இதன் மதிப்பு என்ன, யாருக்கு? இந்த மூன்றையும் வரிசையாகப் பார்க்கலாம்.

ஒரு பாகப்பிரிவினை

இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பக்கத்துத் தெருவில் ஒரு குடும்பம். அம்மா இறந்தபின் அண்ணன், தம்பி, தங்கை மூன்று பேரும் பொருளைப் பிரித்துக்கொண்டார்கள். தாத்தா மலேயாவிலிருந்து கொண்டுவந்த வாட்ச்சைத் தராசில் வைத்தால் வார் இல்லாமல் 42 கிராம். அஞ்சு பவுனுக்கு மேலே வருது என்று, அதை அஞ்சு பவுனாகவே கணக்குப் போட்டு அண்ணன் எடுத்துக்கொண்டார். அதற்கு ஈடாக அம்மாவின் அஞ்சு பவுன் சங்கிலி தங்கைக்குப் போனது.

மகளின் காலேஜ் ஃபீஸுக்காக அண்ணன் வாட்ச்சை விற்கப் போனார். ஒரு கடையில் மிஷினில் வைத்துப் பார்த்து "பதினெட்டு கேரட் காட்டுது" என்றார்கள். இன்னொரு கடையில் ஒரு மூலையை உரசிப் பார்த்துவிட்டு "பித்தளை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அங்கே ஆரம்பித்தது சண்டை. தெரிந்தேதான் தலையில் கட்டிவிட்டார்கள் என்று இவர் சொல்ல, அம்மா சங்கிலியில் கண் வைக்கிறார் என்று அந்தப் பக்கம் சொல்ல, பேச்சுவார்த்தை நின்றுபோனது.

"தம்பி, நீங்கதான் வாட்ச் பத்தி எழுதுறவராச்சே. இது தங்கமா, இல்லையா? ஒரே வார்த்தைல சொல்லுங்க" என்று என்னிடம் வந்தார்.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. ஏனென்றால் இரண்டு கடைக்காரர்களும் பொய் சொல்லவில்லை.

மைக்ரான் கணக்கு

முலாம் பூசிய வாட்ச்சின் கேஸ் பெரும்பாலும் பித்தளை. அதன்மேல் நிக்கல் போன்ற ஓர் அடிப்பூச்சு, அதற்கு மேல் தங்கம். 1805-இல் இத்தாலியின் புருன்யாட்டெல்லி, மின்சாரத்தைக் கொண்டு தங்கம் பூச முடியும் என்று செய்து காட்டினார். 1840-இல் இங்கிலாந்தின் எல்கிங்டன் நிறுவனத்தார் காப்புரிமை வாங்கி அதைத் தொழிலாக்கினார்கள். தங்கம் கரைந்த திரவத்தில் பொருளைத் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால், தங்கம் பொருளின்மேல் படியும். நமக்குத் தெரிந்த கவரிங் நகையும் இதே குடும்பம்தான். சிதம்பரம் கவரிங் வளையலுக்கும் சுவிட்சர்லாந்து வாட்ச்சுக்கும் அடிப்படைத் தத்துவம் ஒன்றே. வித்தியாசம் பூச்சின் தடிமனில்.

தடிமனை மைக்ரானில் சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடி ஏறக்குறைய 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். நல்ல சுவிஸ் வாட்ச்களில் 10 மைக்ரான், 20 மைக்ரான் என்று பூசினார்கள். ஒமேகா மாதிரி கம்பெனிகள் சில மாடல்களில் 40, 80 மைக்ரான் வரைக்கும்கூடப் போனதுண்டு. மலிவான வாட்ச்களில் 5 மைக்ரானோ அதற்கும் கீழேயோ.

இப்போ கணக்குப் போடுவோம். 36 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு கேஸ். பின்மூடி ஸ்டீல், அதில் தங்கம் கிடையாது. பக்கவாட்டு, மேல் வளையம், வார் மாட்டுகிற நாலு காது, பட்டன்கள் எல்லாம் சேர்த்துத் தாராளமாக 15 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 மைக்ரான் என்றால் 0.002 சென்டிமீட்டர். பெருக்கினால் 0.03 கன சென்டிமீட்டர். சுத்தத் தங்கத்தின் அடர்த்தி 19.3. ஆக மொத்தம் 0.58 கிராம்.

பவுன் எட்டு கிராம். அப்படியென்றால் இந்த வாட்ச்சில் இருப்பது ஒரு பவுனில் பதினாலில் ஒரு பங்கு. அதுவும் பூச்சு சுத்தத் தங்கம் என்று வைத்துப் போட்ட கணக்கு. பூச்சில் வேறு உலோகம் கலந்திருந்தால் இன்னும் குறையும். 10 மைக்ரான் என்றால் இதில் பாதி. 5 மைக்ரான் என்றால் 150 மில்லிகிராம்கூட வராது. அதைச் சுரண்டி எடுக்க ஆகும் செலவைக் கழித்தால் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

42 கிராமில் மீதி? பித்தளை, ஸ்டீல், மிஷின், கண்ணாடி. தராசுக்கு இது எதுவும் தெரியாது. எடை போட்டு வாட்ச்சில் தங்கம் பார்ப்பது, மூட்டையைத் தூக்கிப் பார்த்து உள்ளே அரிசியா மணலா என்று சொல்வது மாதிரி.

பின்மூடியில் எழுதியிருப்பதைப் படிப்பது எப்படி

நல்ல விஷயம் என்னவென்றால், கம்பெனிக்காரர்கள் பெரும்பாலும் உண்மையை எழுதியே வைத்திருக்கிறார்கள். பொடி எழுத்தில், நமக்குப் பழக்கமில்லாத பாஷையில். அவ்வளவுதான். ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டு பின்மூடியையும், வார் மாட்டுகிற காதுகளின் அடிப்பக்கத்தையும், முடிந்தால் மூடியின் உள்பக்கத்தையும் பாருங்கள்.

"பிளாக்கே ஓர்" என்று பிரெஞ்சில் இருந்தால் தங்க முலாம். கூடவே 10, 20 என்று எண் இருந்தால் அது மைக்ரான். இந்த 20-ஐப் பார்த்து "இருபது கேரட்" என்று சொல்கிறவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். கேரட் இல்லை, தடிமன்.

"ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்" என்று ஆங்கிலத்திலோ, "ஃபோன் அசியே இனாக்ஸிடாப்ள்" என்று பிரெஞ்சிலோ இருந்தால் பின்மூடி ஸ்டீல். பின்மூடி ஸ்டீலாக இருந்தாலே முன்பக்கம் கட்டித் தங்கமாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. "பேஸ் மெட்டல்" என்று இருந்தால் பேச்சே இல்லை, அடியில் சாதாரண உலோகம்.

ஜப்பான் வாட்ச் என்றால் "ஜி.பி." அல்லது சீக்கோவில் "எஸ்.ஜி.பி.". இரண்டுமே முலாம்தான்.

அமெரிக்க வாட்ச்சில் ஒரு கண்ணி உண்டு. "14 கேரட் கோல்டு ஃபில்டு" என்று இருக்கும். ஃபில்டு என்றவுடன் உள்ளே தங்கம் நிரப்பியிருக்கிறார்கள் என்று தோன்றும். நேர்மாறு. உள்ளே பித்தளை, மேலே 14 கேரட் தகடு அழுத்தி ஒட்டியது. முலாமைவிடத் தடிமன், நிறைய நாள் தாங்கும். ஆனாலும் கட்டித் தங்கம் இல்லை.

நிஜத் தங்கக் கேஸ் என்றால் சுவிஸ் அரசு முத்திரை இருக்கும். 1880-லிருந்து 1995 வரை 18 கேரட்டுக்கு ஹெல்வேஷியா என்ற பெண்ணின் தலை, 14 கேரட்டுக்கு அணில். 0.750 என்றோ 0.585 என்றோ எண்ணும் சேர்ந்திருக்கும். 1995-க்குப் பிறகு இரண்டுக்கும் பதிலாக ஒரு நாயின் தலை.

ஒரு எச்சரிக்கை. 1940, 50-களில் "கிரோனோகிராஃப் சூயிஸ்" என்று மட்டும் டயலில் எழுதி, பெரிய பிராண்ட் பெயர் இல்லாமல் ஏராளமான வாட்ச்கள் வந்தன. அவற்றில் பலது உண்மையிலேயே 18 கேரட் கேஸ். ஆனால் கேஸ் மெல்லிய தகடு, காதுகள் உள்ளே கூடு. தங்கம்தான், பார்வைக்குத் தெரிகிற அளவு தங்கம் இல்லை. அதே டயலோடு முலாம் பூசிய கேஸும் வந்தது. டயலைப் பார்த்து முடிவு கட்டக்கூடாது. முத்திரைதான் பேசும்.

அந்த அண்ணனின் வாட்ச்சில் காதுக்கு அடியில் 20 மைக்ரான் முத்திரை, பின்மூடியில் ஸ்டீல் என்ற வாசகம். இரண்டும் தெளிவாகவே இருந்தன.

அப்படியானால் முதல் கடையின் மிஷின் ஏன் பதினெட்டு கேரட் காட்டியது? நகைக்கடைகளில் இப்போது இருக்கும் எக்ஸ்ரே மிஷின் பொருளின் மேற்பரப்பை மட்டும்தான் பார்க்கும். பூச்சு தடிமனாக இருந்தால், அது பார்த்ததெல்லாம் பூச்சைத்தான். பூச்சு நிஜத் தங்கம், அதனால் தங்கம் என்று சொல்லிவிட்டது. இரண்டாவது கடைக்காரர் உரசியது தேய்ந்துபோன மூலையை. அங்கே பித்தளை வெளியே வந்திருந்தது. இரண்டு பேரும் அவரவர் பார்த்ததைச் சொன்னார்கள்.

காந்தம் வைத்துப் பார்ப்பதும் வீண். தங்கத்தையும் காந்தம் இழுக்காது, பித்தளையையும் இழுக்காது. அரம் போட்டுப் பார்க்க மட்டும் தயவுசெய்து யாரையும் விடாதீர்கள். அது பதிலும் சொல்லும், வாட்ச்சையும் கெடுக்கும்.

இரண்டு பட்டன் என்ன செய்கிறது

தங்கக் கதை முடிந்தது. இனிதான் எனக்குப் பிடித்த கதை.

கிரோனோகிராஃப் என்றால் கிரேக்கத்தில் "நேரத்தை எழுதுவது". 1821-இல் பாரிஸ் குதிரைப் பந்தயத்தில் ரியூசெக் என்பவர் பயன்படுத்திய கருவி நிஜமாகவே எழுதியது. ஒவ்வொரு குதிரை கோட்டைத் தாண்டும்போதும் டயலில் ஒரு சொட்டு மை வைத்தது. இன்று எந்தக் கிரோனோகிராஃபும் எழுதுவதில்லை, பேர் மட்டும் நின்றுவிட்டது. அதற்கும் முன்னால், 1816-இல், லூயி முவானே என்பவர் ஒரு நேரம் அளக்கும் கருவி செய்திருந்தார் என்பது 2013-இல்தான் வெளியுலகத்துக்குத் தெரிய வந்தது. கிரோனோமீட்டர் என்பது வேறு. துல்லியத்துக்குச் சோதனை செய்து சான்று வாங்கிய கடிகாரம் அது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சாதாரண மிஷின் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அதன்மேல் இன்னொரு அடுக்கு, ஸ்டாப் வாட்ச் அடுக்கு, சும்மா உட்கார்ந்திருக்கும். மேல் பட்டனை அமுக்கினால் ஒரு சின்னப் பல்சக்கரம் நகர்ந்து வந்து ஓடுகிற சக்கரத்தையும் நிற்கிற சக்கரத்தையும் இணைக்கும். நடுவிலுள்ள நீள முள் ஓட ஆரம்பிக்கும். நிறுத்தினால் இணைப்பு விலகும். மோட்டாரில் கிளட்ச் மாதிரி. இந்த அசைவுகளையெல்லாம் யார் எப்போது செய்ய வேண்டும் என்று உத்தரவு போடுவது இரண்டு விதம். கோட்டைச் சுவர் மாதிரித் தூண்கள் நிற்கும் ஒரு சக்கரம் ஒரு விதம். இதை காலம் வீல் என்பார்கள், செய்வதற்குக் கஷ்டம், விலை அதிகம். வளைவு வளைவாக வெட்டிய ஒரு தகடு இன்னொரு விதம், இது கேம். மலிவு, உறுதி. சேகரிப்பாளர்கள் முதலாவதற்குக் கூடுதல் விலை கொடுப்பார்கள். நேரம் அளப்பதில் இரண்டுமே நன்றாகத்தான் உழைக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்த பாகம் ஒன்று உண்டு. நிறுத்திய முள்ளை எங்கிருந்தாலும் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் பாகம். அது இதய வடிவத்தில் ஒரு குட்டித் தகடு. முள்ளின் அச்சில் மாட்டியிருக்கும். ரீசெட் பட்டனை அமுக்கினால் ஒரு சுத்தியல் அதன்மேல் விழும். இதயத்தின் எந்தப் பக்கத்தில் விழுந்தாலும், சரிவில் வழுக்கி, மேல் பள்ளத்தில்தான் வந்து உட்கார முடியும். தகடு திரும்ப, முள்ளும் திரும்பிப் பூஜ்யத்தில் நிற்கும். 1844-இல் அடோல்ஃப் நிக்கோல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் மெக்கானிக்கல் கிரோனோகிராஃப்களில் இதே இதயம்தான் துடிக்கிறது.

தொடங்க ஒன்று, பூஜ்யமாக்க ஒன்று என்று இரண்டு பட்டன் ஏற்பாடு 1934-இல் பிரைட்லிங் காப்புரிமை வாங்கியபின் பரவியது. வழக்கமாக மேல் பட்டன் ஓடவும் வைக்கும், நிறுத்தவும் செய்யும். கீழ் பட்டன் பூஜ்யம்.

வழக்கமாக என்று சொன்னேன். விதிவிலக்கு ஒன்று உண்டு, நம் ஊர் லாக்கர்களில் கிடக்கும் வாட்ச்களுக்கு அது முக்கியம். முலாம் பூசிய பழைய சுவிஸ் கிரோனோகிராஃப்களில் மிக அதிகமாக வந்த மிஷின்களில் ஒன்று லாண்டெரான் 48. 1937-இல் வந்தது, கேம் ரகம். இதில் மேல் பட்டன் ஓட மட்டும்தான் வைக்கும். நிறுத்துவது கீழ் பட்டன். மறுபடி கீழ் பட்டனை அமுக்கினால் பூஜ்யம். தெரியாதவர்கள் மேல் பட்டனையே திரும்பத் திரும்ப அமுக்குவார்கள். முள் நிற்காது. "மிஷின் அவுட்டு" என்று முடிவு கட்டி ஓரமாக வைத்துவிடுவார்கள். விரலை வலுவாக வைத்து அமுக்கி நிஜமாகவே கெடுத்தவர்களும் உண்டு. உங்கள் வாட்ச் நிற்கவில்லையா? முதலில் கீழ் பட்டனை மெதுவாக அமுக்கிப் பாருங்கள்.

டயலைச் சுற்றி இருக்கும் எண்கள்

ஓரத்தில் 500, 300, 200 என்று இறங்குகிற எண்கள் இருந்தால் அது டாக்கிமீட்டர். வேகம் அளக்க. ரோட்டில் ஒரு கிலோமீட்டர் கல்லில் ஓட விட்டு அடுத்த கல்லில் நிறுத்தினால், முள் காட்டும் எண் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது. 45 விநாடி ஆனால் 80. 60 விநாடி ஆனால் 60. மேலூர் ரோட்டில் உதவும். கோரிப்பாளையம் சிக்னலில் உதவாது, ஒரு சுற்று முடிவதற்குள் ஒரு கிலோமீட்டர் போனால்தானே?

இன்னொரு அளவு பல்சோமீட்டர். நாடித் துடிப்புக்கு. டயலில் "30 துடிப்பு" என்று குறிப்பு இருக்கும். ஓட விட்டு, முப்பது துடிப்பு எண்ணி நிறுத்தினால், முள் நேராக ஒரு நிமிடத்துக்கு எத்தனை என்று காட்டிவிடும். 25 விநாடியில் முப்பது எண்ணினால் 72. டாக்டர்களுக்காகவே செய்தது. பக்கத்திலேயே பெரியாஸ்பத்திரியும் மருத்துவக் கல்லூரியும் இருக்கிற எங்கள் ஏரியாவில் பழைய டாக்டர் வீட்டில் ஒரு கிரோனோகிராஃப் இருந்தால், முதலில் இந்த அளவு இருக்கிறதா என்று பாருங்கள். சேகரிப்பாளர்கள் இதைத் தனியாகத் தேடுவார்கள்.

மூன்றாவது டெலிமீட்டர். மின்னலைப் பார்த்ததும் ஓட விட்டு இடி கேட்டதும் நிறுத்தினால், எவ்வளவு தூரம் என்று சொல்லும். சத்தம் ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று விநாடி, அவ்வளவுதான் சூத்திரம். ஐப்பசி மழையில் மொட்டைமாடியிலிருந்தே சோதித்துப் பார்க்கலாம்.

இதெல்லாம் எப்படி இங்கே வந்தது

நம் நாட்டுச் சட்டத்தில் ஒரு சுவாரசியம் உண்டு. 1962-இன் சுங்கச் சட்டம், 123-ஆவது பிரிவு. கடத்தல் பொருள் என்று நம்பி அதிகாரி ஒன்றைப் பறிமுதல் செய்தால், அது கடத்தல் இல்லை என்று வைத்திருந்தவரே நிரூபிக்க வேண்டும் என்கிற பிரிவு. எந்தெந்தப் பொருளுக்கு? அந்தப் பட்டியலில் பேர் சொல்லியே தங்கமும் இருக்கிறது, வாட்ச்சும் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு வெளிநாட்டு வாட்ச் எவ்வளவு பெரிய சமாச்சாரம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தங்கத்துக்கும் கெடுபிடி. 1963-இல் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள், 1968-இல் முழுச் சட்டம், 1990-இல்தான் ரத்து. இந்தப் பக்கம் 1961-இல் பெங்களூரில் ஜப்பான் சிட்டிசன் கம்பெனி உதவியோடு எச்.எம்.டி. வாட்ச் வந்தது. பின்னால் டாடாவும் நம் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் ஃபேக்டரி போட்டது. நல்ல வாட்ச்கள்தான். ஆனால் பொதுவாக நேரம் காட்டுகிற வாட்ச்கள். இரண்டு பட்டன் வைத்த வாட்ச் வேண்டுமென்றால் கடல் தாண்டித்தான் வர வேண்டும்.

அதனால்தான் எங்கள் பக்கத்துக் கிரோனோகிராஃப்களில் இரண்டு தலைமுறை தெரியும். 40, 50-களில் மலேயா, சிங்கப்பூர், பர்மா போனவர்கள் கொண்டுவந்த சுவிஸ் வாட்ச் ஒன்று. 70-களுக்குப் பின் வளைகுடா போனவர்கள் கொண்டுவந்த சீக்கோ, சிட்டிசன் இன்னொன்று. சீக்கோவின் 6139 மிஷின் 1969-இல் வந்தது. சாவி கொடுக்காமல் தானாகச் சுற்றிக்கொள்ளும் முதல் கிரோனோகிராஃப்களில் ஒன்று. 1973-இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்குப் போன வில்லியம் போக் கையில் இந்த மிஷின் உள்ள வாட்ச்தான் இருந்தது. அது பளிச்சென்று தங்க மஞ்சளாக இருக்கும், ஆனால் மஞ்சள் டயலில்தான், கேஸ் ஸ்டீல். சீக்கோவின் பின்மூடி எண்ணில் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 33 என்று ஆரம்பித்தால் இந்த மாடலுக்கு 1973 மார்ச். "எங்க அத்தா எழுபத்தி மூணுல வாங்கினது" என்கிற கதையை இப்படிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

புதுசாக்கினால் கெட்டது

இந்திய வாட்ச் என்றாலே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ஒரு அடி பின்னால் போவார்கள். "மும்பை ஸ்பெஷல்" என்று பேரே வைத்திருக்கிறார்கள். பழைய மிஷின், எங்கிருந்தோ எடுத்த கேஸ், புதிதாக அச்சடித்த கலர் டயல், பொருந்தாத முள் எல்லாம் சேர்த்து ஒட்டிய வாட்ச்.

இதில் விற்கிறவர் ஏமாற்றும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முழுக் கதை அது இல்லை. இங்கே வாட்ச் என்பது தினமும் கட்டுகிற சாமான். நம்முடைய வேர்வையிலும் ஈரத்திலும் டயல் கறுத்துப்போகும். வாட்ச் ரிப்பேர்காரர் டயலை அழித்துப் புதிதாக அடித்துக் கொடுத்தார், வாடிக்கையாளர் சந்தோஷமாகக் கட்டிக்கொண்டு போனார். அது வேலை செய்கிற வாட்ச்சுக்குச் செய்த பராமரிப்பு. சேகரிப்பாளர் கண்ணுக்கு அதே வேலை குற்றமாகத் தெரிகிறது. இரண்டு பார்வையும் வேறு வேறு தேவையிலிருந்து வருகிறது.

கிரோனோகிராஃப் டயலைத் திரும்ப அடிப்பது கஷ்டம், கண்டுபிடிப்பது சுலபம். ஓர அளவின் கோடுகள் சரியான இடைவெளியில் இருக்கிறதா, எழுத்தின் முனை கூர்மையா மொத்தையா, சின்ன வட்டங்களின் நடுவில் முள் சரியாக நிற்கிறதா, அந்த வட்டங்களுக்குள் மெல்லிய வளையக் கோடுகள் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்தால் போதும். எழுபது வருட வாட்ச்சின் டயல் நேற்று அடித்த பத்திரிகை மாதிரி பளபளத்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது முலாம். காதுகளின் முனையிலும் பட்டன் ஓரத்திலும் பித்தளை தெரிகிறது, லேசாகப் பச்சைக் களிம்பு. "தெற்காவணி மூல வீதியில குடுத்தா பாலிஷ் போட்டுப் புதுசு மாதிரி ஆக்கிருவாங்க" என்று யாராவது சொல்வார்கள். ஆக்கித் தருவார்கள்தான். ஆனால் புதிதாகப் பூச வேண்டுமென்றால் முதலில் பழையதைத் தேய்த்து எடுக்க வேண்டும். கூர்மையான ஓரங்கள் மழுங்கும். காதுக்கு அடியிலுள்ள அந்தப் பொடி முத்திரை, வாட்ச்சின் ஒரே சாட்சி, அழிந்துபோகும். அதன்மேல் பூசுவது பெரும்பாலும் பழைய பூச்சின் தடிமனில் ஒரு சின்னப் பங்குதான், சீக்கிரம் போய்விடும். வீட்டில் ஆசைக்குக் கட்டப்போகிறீர்கள் என்றால் உங்கள் இஷ்டம். விற்கிற எண்ணம் இருந்தால் தொடாதீர்கள். தேய்ந்த முலாமைச் சேகரிப்பாளர்கள் மன்னிப்பார்கள், மழுங்கிய ஓரத்தை மன்னிக்க மாட்டார்கள்.

அப்போ மதிப்பு என்ன?

இந்த வாட்ச்சுக்கு மூன்று தராசு உண்டு. நகைக்கடைத் தராசில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. சேகரிப்பாளர் தராசில் மிஷின், டயல், கேஸ் மூன்றும் அசலாக இருந்தால் நல்ல விலை உண்டு, ஆனால் பிராண்ட் பெயர் இல்லாத முலாம் வாட்ச்சுக்குப் பெரிய கனவு வேண்டாம். அதே மிஷின் ஸ்டீல் கேஸில் இருந்தால் பலபேர் அதற்குத்தான் அதிகம் கொடுப்பார்கள். ஸ்டீல் தேயாது, முலாம் தேயும் என்பதுதான் காரணம். மூன்றாவது வீட்டுத் தராசு. அது எண்ணில் வராது.

அந்த அண்ணன் குடும்பத்தில் சிக்கலே மூன்று தராசையும் ஒன்றாக்கியதுதான். மைக்ரான் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைத் தங்கையிடம் கொண்டுபோய்க் காட்டினார். "எனக்கும் இது தெரியாதுண்ணே" என்று அந்த அம்மா சொன்னதாகக் கேள்வி. அதுதான் உண்மையும்கூட. அந்த வீட்டில் யாருக்குமே தெரியாது, கொண்டுவந்த தாத்தாவுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். பங்கைத் திரும்பக் கணக்குப் போட்டார்கள். வாட்ச்சைத் தங்கக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, சங்கிலியின் மதிப்பை மூன்றாகப் பிரித்தார்கள். அவரவர் பங்கைத் தங்கை பணமாகத் தவணையில் கொடுக்கிறார். சண்டை முழுக்கத் தீர்ந்ததா என்று கேட்டால், பேசிக்கொள்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால், வரிசை இதுதான். முதலில் ஓட விடாதீர்கள். வருடக்கணக்காகக் கிடந்த மிஷினில் எண்ணெய் காய்ந்திருக்கும், சாவி கொடுத்து ஓட்டினால் அச்சுகள் தேயும். பின்மூடியையும் காதுகளையும் பூதக்கண்ணாடியில் படித்து, ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். கிரோனோகிராஃப் பிரித்துப் பழக்கமுள்ள ரிப்பேர்காரராகப் பார்த்துக் கொடுங்கள், மூன்று முள் வாட்ச் பார்க்கிற எல்லோருக்கும் இது வராது. திறக்கும்போது கூடவே இருந்து மிஷினையும் படம் எடுங்கள். சர்வீஸ் முடிந்ததும் ஓட விட்டு, நிறுத்தி, பூஜ்யமாக்கிப் பாருங்கள். நீள முள் சரியாகப் பன்னிரண்டில் நிற்க வேண்டும். அரை மணி நேரம் ஓட விட்டு நிமிட வட்டம் நிமிடத்துக்கு ஒரு படி நகர்கிறதா என்றும் பாருங்கள். பாலிஷ், டயல், முலாம் மூன்றுக்கும் "வேண்டாண்ணே" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முக்கியமாக, பாகப்பிரிவினைக் காகிதத்தில் "கோல்டு வாட்ச்" என்று எழுதாதீர்கள். "தாத்தா வாட்ச்" என்று எழுதுங்கள். அதை எந்தக் கடைக்காரரும் உரசிப் பார்க்க முடியாது.